பாதியை மட்டும் வெளியே விட்டவர்களுக்கு ஒரு திறந்த மடல்

போதைக்கு அடிமையான இளைஞர்களைப் பற்றிப் படம் எடுத்த இயக்குநருக்கும், தயாரிப்பாளர்களுக்கும், அதைத் தன் தளத்தில் வெளியிட்ட நிறுவனத்துக்கும்,

படத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இதைப் படிப்பவர்களில் நாலு பேராவது அந்தக் காட்சியைத் தேடிப் போவார்கள். யாருக்கு எழுதுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். இதேபோன்ற படத்தை எடுத்துக்கொண்டிருக்கும் மற்றவர்களும் தங்களுக்கு எழுதியதாகவே இதை எடுத்துக்கொள்ளலாம்.

படம் வருவதற்கு முன்பே அதிலிருந்து ஒரு காட்சியை மட்டும் வெட்டி, பாட்டாகத் தனியே வெளியிட்டீர்கள். நண்பர்கள் கூடியிருக்கும் ஓர் இரவில் அந்தப் பெண் முதன்முறையாக ஹெராயின் எடுத்துக்கொள்ளும் காட்சி. நீலமும் ஊதாவுமாக வெளிச்சம். மெதுவாகத் திரும்பும் முகங்கள். இசை உச்சத்துக்குப் போகும்போது அவள் சிரித்தபடி பின்னால் சாய்கிறாள், அறையே மிதக்கிறது. அத்தோடு துண்டு முடிந்துவிடுகிறது. படத்தின் கடைசிப் பகுதியில் அவள் என்ன ஆகிறாள் என்பதற்கு அதில் ஒரு தடயமும் இல்லை.

சிகிச்சை மையத்தில் குடும்பத்தினர் கூடும் குழு ஒன்று உண்டு. அதிலிருக்கும் எங்களில் சிலர் அந்தத் துண்டை நீக்கச் சொல்லி உங்களுக்கு எழுதினோம். படத்தை முழுதாகப் பாருங்கள், இது போதைக்கு எதிரான படம் என்று சுருக்கமாக ஒரு பதில் வந்தது. துண்டு அப்படியே இருக்கிறது.

முழுதாகப் பார்த்தேன். நன்றாக எடுத்திருக்கிறீர்கள். அந்தப் பெண்ணாக நடித்தவர் பிரமாதம். பணத்துக்காக வீட்டில் அவள் பொய் சொல்லும் இடத்தில், பொய் சொல்கிறாள் என்று தெரிந்தே அம்மா பணத்தை எடுத்து நீட்டுகிறாள். அந்த அம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும், அவள் எங்கள் வீட்டில் இருக்கிறாள். இவ்வளவு தெரிந்தவர்கள் நீங்கள். அதனால்தான் கோபம் இன்னும் கூடுகிறது. விளைவைக் காட்டும் பகுதியைப் பார்க்கச் சந்தா கட்ட வேண்டும், இரண்டரை மணி நேரம் உட்கார வேண்டும். போதையைக் காட்டும் பகுதியோ இலவசம், யார் கைபேசியிலும் தானாக ஓடும். உங்கள் படம் போதைக்கு எதிரானதாக இருக்கலாம். நீங்கள் ஊருக்கெல்லாம் அனுப்பிவைத்த துண்டு அப்படியில்லை.

என் தம்பி ஹெராயினுக்கு அடிமையாக இருந்தவன். இப்போது சிகிச்சையில் இருக்கிறான். மருந்து எடுத்துக்கொள்கிறான், வேலைக்குப் போகிறான், சில நாட்களில் எங்களோடு சிரித்துப் பேசுகிறான். அவன் உங்கள் காட்சியைத் தேடிப் போகவில்லை. கைபேசியில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தபோது அது தானாக ஓடத் தொடங்கியது. மேலே தள்ளிவிட்டான். கொஞ்ச நேரத்தில் வேறு யாரோ அதையே இன்னொரு பாட்டோடு ஒட்டிப் போட்டது வந்தது. அப்புறம் நடிகையின் ஒப்பனையைப் பற்றி ஒருவர் போட்ட பதிவிலும் அதே காட்சி. அன்று இரவு அவன் தூங்கவில்லை. காலையில் என்னிடம், "அக்கா, வாயில் அந்தக் கசப்பு வந்துவிட்டது" என்றான். அன்றைக்கு அவனைத் தனியே விட எனக்குத் துணிவில்லை. வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு அவன் பக்கத்திலேயே இருந்தேன்.

அவன் மனம் பலவீனமானது என்று நினைத்துவிடாதீர்கள். 2008-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கோகைனுக்கு அடிமையாகியிருந்த 22 ஆண்களுக்கு அந்தப் பொருள் தொடர்பான படங்களை வெறும் 33 மில்லிவினாடி காட்டினார்கள். எதையோ பார்த்தோம் என்றே உணர முடியாத வேகம் அது. அப்படியும் அவர்கள் மூளையில் வேட்கையோடு தொடர்புடைய பகுதிகள் கிளர்ந்தன. உங்கள் காட்சி நிமிடக்கணக்கில் ஓடுகிறது. அதுவும் ஒளி, இசை, படத்தொகுப்பு என எல்லாத் திறமையையும் கொட்டிச் செய்தது. மீண்டுவரும் ஒருவரின் உடம்பு அதைக் கதையாகப் பார்ப்பதில்லை.

படம் பார்த்துத்தான் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று சொல்ல வரவில்லை. என் தம்பியைக் கெடுத்தது எந்தப் படமும் இல்லை. கூட இருந்தவன் கொடுத்தான், அவனும் மனம் நொந்து கிடந்த நேரம், வாங்கிக்கொண்டான். ஆனால் வேண்டாம் என்று சொல்லியிருக்கக்கூடிய அந்த ஒரு நொடியில், அது எப்படி இருக்கும் என்பதற்கு அவன் மனதில் ஏற்கெனவே ஒரு காட்சி இருந்ததாம். அழகான காட்சி. உண்மையில் என்ன நடந்தது என்றும் அவனே சொன்னான்: வாந்தி எடுத்துக்கொண்டு, உடம்பெல்லாம் அரிக்க, சுவரோரம் கிடந்தானாம். முதல்முறை ஹெராயின் எடுப்பவர்களுக்குக் குமட்டலும் வாந்தியும் அரிப்பும் சாதாரணம் என்று மருத்துவரும் சொன்னார். உங்கள் காட்சியில் யாரும் வாந்தி எடுக்கவில்லை.

தடை கேட்டு எழுதுகிறேன் என்று தயவுசெய்து சுருக்கிவிடாதீர்கள். தடை இருந்த காலம் எப்படி இருந்தது என்று தெரியும். ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் போதைப் பழக்கத்தைத் திரையில் காட்டவே விடாத காலத்தில், இயக்குநர் ஆட்டோ ப்ரெமிஞ்சர் 1955-ல் ஹெராயின் அடிமை ஒருவரைப் பற்றிப் படம் எடுத்தார். அதற்கு அனுமதி முத்திரை கிடைக்கவில்லை. முத்திரை இல்லாமலே வெளியிட்டார், அடுத்த ஆண்டே விதிகள் தளர்ந்தன. இந்தப் பழக்கத்தைப் பற்றிப் பேசும் உரிமை உங்களுக்கு அப்படிப் போராடிக் கிடைத்தது. அது போய்விடக் கூடாது என்று உங்களைவிட எங்களுக்கு அக்கறை அதிகம். எங்கள் வீடுகளில் நடப்பதை வெளியே யாராவது சொல்ல வேண்டும் என்று ஏங்குகிறவர்கள் நாங்கள்தான்.

1990-களில் ஆடை விளம்பரங்களில் வெளுத்த முகமும் கண்ணைச் சுற்றிக் கருவளையமுமாக, போதையில் கிடப்பவர்களைப் போன்ற தோற்றம் நாகரிகமாக்கப்பட்டது. 'ஹெராயின் சிக்' என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். 1997 மே மாதம் அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். இத்தனை ஆண்டுகள் கழித்து உங்கள் விளம்பரப் படங்களில் அதே கருவளையம், அதே சாய்ந்த கழுத்து.

சரி, துண்டை விடுங்கள். நீங்கள் பார்க்கச் சொன்ன முழுப்படத்துக்கே வருகிறேன். அதில் என்னால் மன்னிக்க முடியாதது மூச்சு அடங்கும் காட்சி. ஒரு பையன் அளவுக்கு மீறி எடுத்துவிட்டுச் சரிகிறான். நண்பர்கள் அவனைத் தூக்கிக் குளியல் தொட்டியில் போடுகிறார்கள், குளிர்ந்த நீரைத் திறந்துவிடுகிறார்கள், கன்னத்தில் மாறி மாறி அறைகிறார்கள். அவன் இருமிக்கொண்டு கண் திறக்கிறான். எல்லோரும் அழுதுகொண்டே சிரிக்கிறார்கள்.

என் தம்பிக்கு இது நடந்தபோது அவன் நண்பர்களும் இதைத்தான் செய்தார்கள். தண்ணீர் ஊற்றினார்கள், அறைந்தார்கள், அப்புறம் அவன் குறட்டை விடுகிறான், தூங்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அந்தக் குறட்டை தூக்கம் இல்லை. ஹெராயின் போன்ற ஓபியாய்டுகள் மூளையில் மூச்சை நடத்தும் பகுதியையே மந்தமாக்குகின்றன. மூச்சு நிமிடத்துக்கு நிமிடம் குறையும், தொண்டையில் கொரகொரவென்று சத்தம் வரும், உதடும் நகமும் நீலம் பாயும், கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும். அப்போது செய்ய வேண்டியது ஆம்புலன்ஸை அழைப்பது, நலாக்சோன் என்ற மருந்து கையில் இருந்தால் கொடுப்பது, மூச்சு நின்றிருந்தால் வாயோடு வாய் வைத்து ஊதுவது, மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து உதவி வரும்வரை கூடவே இருப்பது. அன்று அந்த வீட்டுக்குத் தற்செயலாக வந்த ஒரு பெண் நீலமாகிப்போன உதட்டைப் பார்த்துவிட்டு அவசர எண்ணை அழைத்தாள். அதனால் என் தம்பி இருக்கிறான். குழுவில் எனக்குப் பக்கத்தில் உட்காரும் ஓர் அம்மாவின் மகன் இல்லை. அவனையும் தூங்கட்டும் என்றுதான் விட்டிருக்கிறார்கள்.

இந்தத் தவறு உங்களிடம் தொடங்கியதும் இல்லை. 1994-ல் வந்த 'பல்ப் ஃபிக்‌ஷன்' படத்தில் ஹெராயினால் சரிந்த பெண்ணின் நெஞ்சில் நேராக அட்ரினலின் ஊசியைக் குத்துவார்கள், அவள் துள்ளி எழுவாள். உலகம் முழுக்க எல்லோருக்கும் நினைவிருக்கிற காட்சி. ஆனால் ஹெராயினின் பிடியை முறிக்கும் மருந்து அட்ரினலின் இல்லை. முறிக்கும் நலாக்சோனுக்கு அமெரிக்காவில் 1971-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. பின்னாளில் மூக்கில் அடிக்கும் வடிவிலும் வந்தது, 2023-ல் அங்கே மருந்துச்சீட்டு இல்லாமலே வாங்க அனுமதித்தார்கள். சாதாரண மனிதர் யாரும் கொடுக்கக்கூடிய, உயிரைத் திருப்பித் தரும் ஒரு மருந்து. நாடகத்துக்கு இதைவிட என்ன வேண்டும் உங்களுக்கு? உங்கள் படத்தில் அதன் பெயர்கூட வரவில்லை.

பழக்கத்தை நிறுத்தும்போது உடம்பு படும் பாட்டை நீங்கள் பேய்க் காட்சியாக்கியிருக்கிறீர்கள். சுவர் நெளிகிறது, இறந்த பாட்டி வந்து பேசுகிறாள், விடிகிறது, பையன் தெளிந்துவிடுகிறான். ஹெராயினை நிறுத்தினால் பொதுவாக இப்படி மாயத்தோற்றங்கள் வருவதில்லை. கடைசியாக எடுத்த 8 முதல் 24 மணி நேரத்துக்குள் வேறு வேதனை தொடங்கும். கொட்டாவி, ஓயாத கொட்டாவி. மூக்கிலும் கண்ணிலும் நீர். மயிர்க்கூச்செறிவு, வயிற்றுப்போக்கு, எலும்புக்குள் வலி, தானாக உதைத்துக்கொள்ளும் கால்கள். 4 முதல் 10 நாள்வரை போகும். அதன்பிறகு வருவதுதான் நீளமானது: தூக்கம் வராத வாரங்கள், எதிலும் ருசி இல்லாத மாதங்கள். என் தம்பி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். என்னடா என்றால் ஒன்றுமில்லை என்பான். உண்மையாகவே அவனுக்குள் ஒன்றும் இருக்காது, அதுதான் அவனுக்குப் பயம். இதைப் படமாக்குவது கஷ்டம் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு நொடிக் கிறக்கத்தை மூன்று நிமிடமாக நீட்டத் தெரிந்தவர்களுக்கு, மாதக்கணக்கான வெறுமையைக் காட்ட ஒரு வழி கண்டுபிடிக்கத் தெரியாதா?

சிகிச்சையை நீங்கள் காட்டிய விதம் இன்னும் மோசம். இரும்புக் கதவு, அதட்டும் ஊழியர், வரிசையில் நிற்கவைத்து மாத்திரை. ஒரு பாத்திரம், அந்த மருந்தும் இன்னொரு போதைதான் என்கிறது, யாரும் மறுத்துப் பேசுவதில்லை. ஹெராயின் வேட்கையை அடக்கக் கொடுக்கும் மெதடோன் என்ற மருந்தின் சிகிச்சை 1960-களிலிருந்து இருக்கிறது. அதையும், அதே வேலையைச் செய்யும் பியூப்ரெனார்ஃபின் என்ற மருந்தையும் உலக சுகாதார நிறுவனம் 2005-ல் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. இவற்றை ஒழுங்காக எடுத்துக்கொள்பவர்களிடையே இறப்பு வெகுவாகக் குறைகிறது. என் தம்பியை உயிரோடும் வேலையோடும் வைத்திருப்பது அந்த மருந்துதான். உங்கள் படம் வந்த வாரத்தில் அவன் மருந்தை நிறுத்திவிடலாமா என்று கேட்டான். தான் இன்னமும் அடிமைதானே என்று கேட்டான். எங்கிருந்து அந்த எண்ணம் வந்தது என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

சிகிச்சைக்குப் பிறகு சில காலம் விலகியிருந்தவர் மறுபடி தொட்டால், பழைய அளவைத் தாங்கும் சக்தி உடம்பில் இருக்காது. சாவு அதிகம் காத்திருக்கும் கட்டம் அதுதான் என்று எங்களுக்கு முதல் கூட்டத்திலேயே சொல்லித்தந்தார்கள். ஆகவே மருந்தை நிறுத்து என்று தூண்டும் ஒரு வசனம் எங்களுக்கு வெறும் வசனமாக இருப்பதில்லை.

ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகக் கணக்குப்படி 2022-ல் போதைப்பொருள் கோளாறோடு வாழ்ந்தவர்கள் உலகில் 6.4 கோடிப் பேர். அவர்களில் சிகிச்சை பெற்றவர் 11 பேரில் ஒருவர்தான். மீதிப் பத்துப் பேருக்குச் சிகிச்சை என்பது எப்படி இருக்கும் என்று யார் சொல்கிறார்கள்? பெரும்பாலும் நீங்கள்தான்.

முடிவைப் பற்றியும் ஒன்று. உங்களைப் போன்றவர்களின் படங்களில் அந்த இளைஞன் சாகிறான், இல்லையென்றால் தெளிந்து சூரிய வெளிச்சத்தில் நடக்கிறான். மேற்கு பெர்லினில் பள்ளிக்கூட வயதில் ஹெராயினில் விழுந்த கிறிஸ்டியானே எஃப். கதை 1981-ல் படமாக வந்தது. தப்பித்துவிட்டாள் என்ற நம்பிக்கையோடு படம் முடியும். அவர் வாழ்க்கை அத்தோடு முடியவில்லை. விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். 2013-ல் தன் இரண்டாவது புத்தகத்தில் அந்த மீதி ஆண்டுகளையும், ஊசியால் வந்த கல்லீரல் நோயையும் தானே எழுதினார். சாவுக்கும் பூரண குணத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த நீண்ட பாதையில்தான் எங்கள் வீடுகள் இருக்கின்றன. அங்கே ஒரு கேமராவும் வருவதில்லை.

மாற்ற முடியாது, வெளியிட்டாயிற்று என்று சொல்லாதீர்கள். ஓர் இளம்பெண்ணின் தற்கொலையைப் பற்றி 2017-ல் வந்த தொடர் ஒன்றில், அந்தச் சாவை விரிவாகக் காட்டிய காட்சியை நெட்ஃபிளிக்ஸ் 2019 ஜூலையில் வெட்டி எடுத்தது. வெளியாகி இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனபிறகும் முடிந்தது. அதே 2019-ல் உலக சுகாதார நிறுவனம், தற்கொலையைத் திரையில் எப்படிக் கையாள வேண்டும் என்று திரைக்கலைஞர்களுக்கென்றே ஒரு கையேடு கொண்டுவந்தது. அதனால் சினிமா செத்துப்போய்விடவில்லை. நெருக்கமான காட்சிகளுக்கு இப்போது தனி ஒருங்கிணைப்பாளர் வைத்துக்கொள்கிறீர்கள். சண்டைக்கு எப்போதும் வைத்திருக்கிறீர்கள். ஊசி ஏற்றும் காட்சிக்கு மட்டும் யாரையும் கேட்கத் தோன்றவில்லை.

இனி என்ன வேண்டும் என்று சொல்கிறேன்.

இயக்குநரும் தயாரிப்பாளர்களும் அந்தத் துண்டை உங்கள் எல்லாக் கணக்குகளிலிருந்தும் நீக்குங்கள். பாட்டு மட்டும் வேண்டுமென்றால் ஒலியாக இருக்கட்டும். மற்றவர்கள் எடுத்து ஒட்டிப் போட்டவற்றை நீக்கவும் காப்புரிமையைப் பயன்படுத்துங்கள். படம் திருட்டுத்தனமாக வெளிவந்தால் ஒரே நாளில் அதைச் செய்கிறீர்கள், இதற்கும் முடியும். கருவளையத்தோடு எடுத்த விளம்பரப் படங்களையும் திரும்பப் பெறுங்கள்.

வெளியிட்ட நிறுவனத்துக்கு: படத்தின் தொடக்கத்தில் எச்சரிக்கை போடுகிறீர்கள், ஆனால் முகப்பில் தானாக ஓடும் முன்னோட்டத்தில் அது இல்லை. போதைப்பொருள் எடுக்கும் காட்சிகளை முன்னோட்டத்திலும், படத்தின் பெயரோடு முகப்பில் வைக்கும் சிறிய அட்டைப்படத்திலும் காட்டாதீர்கள். அப்படிப்பட்ட படங்கள் தன் திரையில் வரவே வேண்டாம் என்று ஒருவர் தேர்ந்துகொள்ள வசதி கொடுங்கள். கடைசியில் உதவி எண் ஒன்று போடுகிறீர்கள், அது வந்த மறுகணம் திரை சுருங்கி அடுத்த படம் தொடங்கிவிடுகிறது. பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ அந்த நாட்டின் எண்ணை, எழுதிக்கொள்ளும் அளவுக்காவது நிறுத்திவையுங்கள். மூச்சு அடங்கும் காட்சி முடிந்ததும், தண்ணீரும் அறையும் உதவாது, ஆம்புலன்ஸை அழையுங்கள் என்று ஒரு வரி போடுங்கள். அதற்கு மறுபடப்பிடிப்பு தேவையில்லை.

அடுத்த படத்துக்குத் திரைக்கதை எழுதும்போதே போதை சிகிச்சை மருத்துவர் ஒருவரையும், மீண்டு வாழ்கிறவர்கள் இரண்டு மூன்று பேரையும் சம்பளம் கொடுத்து உட்காரவையுங்கள். எல்லாம் எடுத்து முடித்தபிறகு கூப்பிட்டு ஒப்புதல் கேட்பது வேண்டாம். மருந்தோடு நன்றாக வாழும் ஒரு மனிதர் உங்கள் கதையில் ஒரு முறையாவது வரட்டும்.

எங்கள் குழுவை நீங்கள் சந்திக்க வேண்டும் என்றும் கேட்கிறேன். கேமராவும் விளம்பர ஆட்களும் இல்லாமல் வாருங்கள். முந்தைய மின்னஞ்சல் முகவரிதான் இதற்கும். துண்டை எப்போது நீக்குவீர்கள், மற்றவற்றில் எவற்றைச் செய்வீர்கள், எவற்றைச் செய்ய மாட்டீர்கள், ஏன் என்று தெளிவாக எழுதுங்கள். படத்தை முழுதாகப் பாருங்கள் என்ற பதிலை மட்டும் மறுபடி அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
சிகிச்சையில் இருக்கும் ஒருவனின் அக்கா